மாமன் கால்

துணியில் வரும் குறைகளில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது நீடில் லைன். ஓட்டை என்றால் ஓர் இடத்தில் இருக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டு வெட்டிவிடலாம். எண்ணெய்க் கறை துவைத்தால் போய்விடும். நீடில் லைன் அப்படியில்லை. நிட்டிங் மெஷினின் வட்டத்தில் ஆயிரக்கணக்கில் ஊசிகள் நிற்கின்றன. அதில் ஒன்றே ஒன்றின் கொக்கி மயிரிழை வளைந்தாலும் அந்த ஊசி பின்னும் கண்ணி மாறிவிடும். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் மாறும். ரோல் முடியும்வரை ஒரு மெல்லிய கோடு துணியோடு ஓடிக்கொண்டே இருக்கும். நூலில் தப்பில்லை, மெஷின் ஓட்டுகிறவரிடமும் தப்பில்லை. பல நேரம் சாயம் ஏறுகிறவரை கண்ணுக்கே தெரியாது.

டெக்ஸ்டைல் படித்துவிட்டு திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் துணி பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அடியில் லைட் எரியும் கண்ணாடி மேஜைமேல் துணி ஓடும். நான் குறைகளுக்கு எண் போட்டு எழுதுவேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

போன தை மாதம் அக்கா மகனுக்குக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அவனுக்கு நான்கு வயது. அக்காவும் நானும் இரண்டே பேர். கூடப் பிறந்த ஆண் இல்லை. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் தூரத்து உறவில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். எங்கள் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். பத்தொன்பது வயதில் இறந்துவிட்டார். அப்போது எனக்கு மூன்று வயது, அக்காவுக்கு எட்டு. எங்கள் இரண்டு பேருக்குமே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான். நடந்து பார்த்ததில்லை.

காது குத்தி அழுகை ஓய்ந்ததும் பையனைப் பாயில் உட்கார வைத்திருந்தோம். புது அரை டவுசர். அம்மாவின் அத்தை அவன் காலைப் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்மிணி, பையன் கெண்டைக்காலைப் பாத்தியா? பயில்வானாட்டம் திரண்டு கெடக்குது! உன்ற தம்பிக்கு நாலு வயசுல இதே காலுதான். மாமன் காலு அப்படியே வந்திருக்குது.”

அக்காவின் மாமியார் விடுவாரா? “காலு மட்டும் வந்தாப் போதுமுங்களா? மாமன் சீரு எங்கீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பையன் பலூனைப் பார்த்து எழுந்திருக்கத் திரும்பினான். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வேகமாகப் போய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“நாலு வயசுப் பையனை எறக்கி உடுங்க சம்பந்தி, ஓடட்டும்.”

“கீழ மண்ணுங்க,” என்றார் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கை கழுவப் போயிருந்தார். அப்போதுதான் பார்த்தேன். பையன் தரையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினான். முதலில் இடுப்பு மேலே வந்தது. பிறகு ஒரு கை முழங்காலுக்கு, இன்னொரு கை மற்ற முழங்காலுக்கு. அங்கிருந்து தொடை, தொடையிலிருந்து இன்னும் மேலே. தன் உடம்பையே ஏணியாக்கி ஏறி நின்றான். நின்றதும் சிரித்தான்.

ஒரு குறை ஒருமுறை வந்தால் தற்செயல். அதே இடத்தில் திரும்ப வந்தால் மெஷினில் கோளாறு. அடுத்து வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் அனுப்பர்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நோட்டில் எழுதினேன். தரையிலிருந்து எழுந்தது ஐந்து முறை, ஐந்தும் ஒரே மாதிரி. படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைக்கிறான், சுவரைப் பிடிக்கிறான். ஓடுவதில்லை, இடுப்பை ஆட்டி வேகமாக நடக்கிறான். அவன் எழும் முன்பே அம்மா தூக்கியது எத்தனை முறை என்று எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எண்ணிக்கை தவறிப்போயிற்று.

பிறகு இந்த அறிகுறிகளைத் தேடிப் படித்தேன். பிளஸ் டூவில் பயாலஜி இருந்ததால் கொஞ்சம் ஞாபகம் இருந்தது.

தசை சுருங்கி விரியும்போது அது கிழியாமல் தாங்குவதற்கு ஒரு புரதம் உண்டு. அதை எப்படிச் செய்வது என்ற குறிப்பு எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணுவாக இருக்கிறது. மனித மரபணுக்களிலேயே மிக நீளமானது அது. நீளம் என்பதால் படியெடுக்கும்போது பிழை விழவும் இடம் அதிகம். பிழை விழுந்தால் அந்தப் புரதம் உருவாகாது. தசை ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். செத்த இடத்தைக் கொழுப்பு வந்து நிரப்பும். கெண்டைக்கால் உருண்டு திரண்டு பயில்வானுடையதைப் போலத் தெரியும், உள்ளே பலம் போய்க்கொண்டிருக்கும். இப்போது நடக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. முழுதாக நிறுத்தும் மருந்து இல்லை.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். பையனுக்கு ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருவது. அந்தப் பையன்கள் அநேகமாகக் கல்யாணம் காட்சி எதுவும் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அப்படியானால் தலைமுறைகள் போகப் போக இந்தப் பிழை தானாக அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. சில வீடுகளில் புதிதாக முளைக்கிறது. மற்ற வீடுகளில் பெண்களின் மேல் கோடு தெரியாமல், பெண்களின் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு என் காதுகுத்துப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த படம். நாற்காலியில் ஒல்லியாக ஒரு பையன், அவர் மடியில் மொட்டைத் தலையுடன் நான். என்னை அணைத்திருக்கும் கை மாமாவுடையது. அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து என்மேல் வைத்திருக்கும் இன்னொரு கை, படத்தின் ஓரத்திலிருந்து வருகிறது. அதில் அம்மாவின் வளையல்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. “ரெண்டும் பொண்ணாப் போச்சே” என்று யாராவது உச்சுக் கொட்டினால் அம்மா, “சாமி புண்ணியமுங்க” என்பார். பெண்பிள்ளைகள்மேல் இவ்வளவு பாசமா என்று நாங்கள் பெருமைப்பட்டிருக்கிறோம்.

இதை எப்படி ஆரம்பிப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டே இரண்டு வாரத்தைக் கழித்துவிட்டேன். அதற்குள் அக்கா போன் செய்து, “யாருகிட்டயும் சொல்லாத, நாப்பத்தஞ்சு நாளாச்சு” என்றாள். மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லவில்லையாம். குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்ததும் கோயம்புத்தூரில் இதற்கென்று இருக்கும் டாக்டர் ஒருவரிடம் பேசினேன். பையனின் இரத்தத்தில் பிழை எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதே பிழை அக்காவிடம் இருக்கிறதா என்று தேட வேண்டும், அதன்பிறகுதான் வயிற்றில் இருப்பதில் பார்க்க முடியும், ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் ஆகும் என்றார். “நாளைக் கடத்தாதீங்கம்மா” என்று இரண்டு முறை சொன்னார்.

அம்மா வீட்டில் பனியன் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

“மாமாவுக்கு எந்த வயசுலீங்கம்மா நடக்க முடியாமப் போச்சு?”

கத்தரி நின்றது. “பத்துல.”

“டாக்டர் அன்னைக்கு என்னங்க சொன்னாரு?”

“பொட்டப்புள்ளைங்களுக்கு வராது. ஆனா அவங்க வழியாத்தான் வரும்னு சொன்னாரு.”

“எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொல்லியிருந்தா உங்களை யாரு கண்ணு கட்டிக்குவாங்க?” அம்மா ஒரு பீஸை எடுத்து, ஏற்கெனவே வெட்டிய இடத்திலேயே மறுபடி வெட்டினார். “எங்களோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். பேரன் நடக்க ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு சாமி. என்ற தம்பியை நான்தான தூக்கி வளத்தேன்.”

“அக்கா முழுகாம இருக்குதுங்கம்மா.”

அம்மா கத்தரியைக் கீழே வைத்தார். மடியில் இருந்த பனியன்கள் சரிந்து விழுந்தன, எடுக்கவில்லை.

அந்தப் பிழை என்னிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அந்த வரியையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், கடைசி எண்ணாக. என் முறை பிறகு.

அடுத்த நாள் ஞாயிறு. மச்சான் காதர்பேட்டையில் தான் வேலை செய்யும் கடைக்கும் மாமியார் சந்தைக்கும் போயிருந்தார்கள். கதவைத் திறந்த அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வந்திருக்கீங்க. என்ன புள்ள, உனக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா?”

உட்கார்ந்து சொன்னேன். வரிசையாக, எதையும் விடாமல். வேலையில் குறைகளைப் படித்துக் காட்டுவதைப் போலவே சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அக்காவின் முகம் சிவந்தது.

“உனக்கு எல்லாத்துலயும் டேமேஜ் தேடறதே பொழப்பாப் போச்சு. துணியப் பாத்துப் பாத்து எம்புள்ளயவும் மேசை மேல போட்டுப் பாக்கறயா? ஸ்கூல்ல எத்தனையோ பசங்க மெதுவாத்தான் ஓடறாங்க.”

“அக்கா, நாள் இல்லக்கா.”

“நீ பேசாத.” அம்மா பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கம்மா. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க.”

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டாள். எங்கள் நடுவில் நிறுத்தினாள்.

“கண்ணு, கீழ உக்காரு.”

உட்கார்ந்தான்.

“இப்ப எந்திரிச்சு அம்மாகிட்ட வா பாக்கலாம்.”

அவன் தன் அம்மாயியை, எங்கள் அம்மாவைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினான். அம்மா எழுந்துவிட்டார்.

“தூக்காதீங்கம்மா,” என்றாள் அக்கா.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். பையன் கொஞ்ச நேரம் கைகளைத் தூக்கியபடியே காத்திருந்தான். யாரும் வரவில்லை. கைகளை இறக்கித் தரையில் ஊன்றினான். இடுப்பு மேலே வந்தது. முழங்கால். மற்ற முழங்கால். தொடை. நிமிர்ந்து நின்று, “வந்துட்டேன்!” என்று கையைத் தட்டினான்.

அக்கா கை தட்டவில்லை. “இன்னொருக்கா உக்காரு சாமி,” என்றாள்.

இரண்டாவது முறையும் அதே மாதிரி எழுந்தான். அக்கா இந்த முறை அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளை மட்டும் பார்த்தாள்.

“நாளைக்குக் கோயமுத்தூருக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு?” என்று என்னிடம் கேட்டாள்.

பையனுக்கு இது நல்ல விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். மூன்றாவது முறை யாரும் சொல்லாமலே உட்கார்ந்தான்.