கொரிய அப்பாவும் ஹோர்சன்ஸ் அப்பாவும்

"தங்கச்சி, பிள்ளையள் கையை விட்டுப் போகுதுகள். உடனை ஒரு கூட்டம் வைக்கவேணும்."

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிவநேசன் அண்ணையிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு இப்படித்தான் தொடங்கியது. டேனிஷ் ஊரான ஹோர்சன்ஸில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பின் பெற்றோர் சங்கத் தலைவர் அவர். வேலை நேரத்தில் இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார். மிச்ச நேரத்தில் தமிழினத்தைக் கட்டிக் காக்கிறார்.

எனக்குப் பதற்றம். போதைப்பொருளா? பொலிஸ் கேஸா?

"என்ன அண்ணை நடந்தது?"

"பிள்ளையள் குனியுதுகள்."

"என்னது?"

"ரஞ்சினி ரீச்சர் வகுப்புக்குள்ளை போறா. எல்லாப் பிள்ளையளும் எழும்பி, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, வாய்க்குள்ளை என்னவோ சொல்லுதுகள். கேட்டால் கொரியன் வணக்கமாம். பழக்கினது ஆர் தெரியுமோ? என்ர மகள்!"

ஒரு நிமிடம்... இதே சிவநேசன் அண்ணை இத்தனை வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் புலம்பியது எதற்காக? டேனிஷ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேசைமேல் ஏறி இருக்கிறார்கள், ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பெரியவர்கள் வந்தால் எழும்புவதில்லை என்றுதானே? இப்போது எழும்புகிறார்கள். குனியவும் செய்கிறார்கள். அதுவும் பிரச்சினை!

கூட்டம் நடந்தது. குற்றவாளி யார் என்பதும் தெரிந்தது — கைப்பேசியில் பார்க்கிற ஒரு கொரியத் தொடர். உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கிற பகிடிக் கதை. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஒரு பாகம் பார்த்து முடித்துவிடலாம். சிவநேசன் அண்ணையின் மகள் ஆரணி — ஒன்பதாம் வகுப்பு — அதில் ஊறிப்போய், முழு வகுப்பையும் ஊற வைத்திருக்கிறாள்.

"தடை செய்யவேணும்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஆராவது பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

பார்க்காமலே தடை செய்வது சரியா? எங்கள் ஆட்களுக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு. ஆனாலும் ரஞ்சினி ரீச்சர் நியாயமான மனுசி. "பாத்தால்தானே எவ்வளவு மோசம் எண்டு சொல்லலாம்" என்றார். உடனே ஒரு கண்காணிப்புக் குழு அமைந்தது. சிவநேசன் அண்ணை, அவருடைய மனைவி வதனி, ரஞ்சினி ரீச்சர். நாலாவது ஆளாக நான் — பத்திரிகையில் எழுதுகிறவளாம், அறிக்கை எழுத உதவுவேனாம்.

அடுத்த நாள் நான் இருக்கிற வைலேயிலிருந்து ரயில் ஏறிப் போனேன். வதனி சூடாக ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். தடை செய்யப்போகிற நிகழ்ச்சிக்கு ரோல்ஸ்! தொலைக்காட்சிக்கு முன்னால் நால்வரும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு அமர்ந்தோம்.

முதல் தடங்கல். தொடரை எப்படிப் பெரிய திரையில் போடுவது? ஒருவருக்கும் தெரியாது. பறிமுதல் செய்த கைப்பேசி சிவநேசன் அண்ணையின் சட்டைப்பையில் இருந்தது. அதைத் திறக்கவும் தெரியாது.

வேறு வழி? குற்றம் சாட்டப்பட்டவளையே அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

ஆரணி வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கைப்பேசியை வாங்கி, எதையோ அமத்தினாள். திரையில் கொரியா வந்துவிட்டது. திரும்பி அறைக்குப் போகப் பார்த்தவளை வதனி பிடித்துக்கொண்டாள். "இரு. கீழை ஓடுற இங்கிலிஷ் எங்களுக்குப் பிடிபடாது."

ஆக, ஏற்பாடு இதுதான். அவர்கள் கொரிய மொழியில் பேசுவார்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். ஆரணி அதை டேனிஷில் சொல்லுவாள். வதனி அதைத் தமிழாக்குவாள். எங்களிடம் வந்து சேரும்போது பகிடி களைத்துப் போயிருக்கும். ஆனாலும் சிரிப்பு வந்தது — அதுதான் ஆச்சரியம்.

கதை இது. ஒரு பையன். வகுப்பிலே கடைசி. தகப்பன் பொரித்த கோழிக்கடை வைத்திருக்கிறார். சோதனை முடிவு வந்த அன்று, "அப்பா, முதல்லே ஒன்று சொல்ல வேண்டும்" என்று பையன் வாயைத் திறக்கிறான். தகப்பன் காதில் விழுந்தது 'முதல்' மட்டும்தான்! மகன் முதலாம் இடம் என்று நினைத்துக் கண்ணீர் விடுகிறார். அடுத்த காட்சியிலேயே கடை வாசலில் பெரிய துணி — 'என் மகன் முதலாவது! ஒரு கோழி வாங்கினால் ஒரு கோழி இலவசம்!' தெருவே திரண்டு வருகிறது. பையன் உண்மையைச் சொல்ல ஓடுகிற ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் அவன் வாய்க்குள் கோழிக்காலைத் திணித்து வாழ்த்துகிறார்.

"உடுப்பைப் பாத்தியளோ? என்ன வடிவான யூனிஃபோம்!" என்றார் ரஞ்சினி ரீச்சர். அறிக்கைக்கு இது உதவாது என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று சிவநேசன் அண்ணை துள்ளி எழும்பினார். "பொறு, பொறு! அந்தப் பெடியன் இப்ப என்ன சொன்னவன்?"

"அப்பா" என்றாள் ஆரணி. "கொரியனிலை ஃபாவுக்கு அப்பா எண்டுதான் சொல்லுறது."

அவ்வளவுதான். கொரிய மொழி தமிழிலிருந்து பிரிந்த கதையை அண்ணை நின்றபடியே சொல்லத் தொடங்கிவிட்டார். கப்பல் போனதாம். இளவரசி போனாளாம். கொஞ்ச நேரத்தில் கொரியா முழுக்க எங்களுடையதாகிவிட்டது. கடைசியில் குரல் இறங்கியது. "கொரியாவிலை அப்பாவாம். என்ர வீட்டிலை ஃபா."

ஆரணி அவரை 'ஃபா' என்றுதான் கூப்பிடுவாள். டேனிஷில் அப்பா.

"இருங்கோ அண்ணை, கதை போகுது" என்றேன். கண்காணிப்பு அவ்வளவு தீவிரமாகிவிட்டிருந்தது.

திரையில் அந்தத் தகப்பன் இப்போது தெருவில் போகிற அந்நியர்களையெல்லாம் மறித்து, மகன் சட்டம் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிவநேசன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

"உவன் என்ன விசரனே? பெடியனிட்டை ஒரு வார்த்தை கேக்காமல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறான்!"

வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

வதனி ரோல்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஓம். சில தகப்பன்மார் அப்பிடித்தான்."

வைலேயிலும் தலைநகர்ப் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலும் சிவநேசன் அண்ணையைத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு முடித்துக் கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். அங்கிருந்து பல்கலைக்கழகம். பிறகு டொக்டர். எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறார். கோயிலில், கல்யாண வீட்டில், ஒரு தடவை செத்த வீட்டிலும்.

ஆரணி தொடரை நிறுத்தினாள்.

"அப்பா."

தமிழில். அவர் சிரிப்பு நின்றது.

"அப்பா... நானும் அவனை மாதிரித்தான். டொக்டர் ஆக மாட்டன். எனக்கு அது விருப்பம் இல்லை. நான்... மரத்திலை வீடு கட்டுறது... கூரை, கதவு... அது படிக்கப்போறன்."

"தச்சு வேலை" என்றார் ரஞ்சினி ரீச்சர். சொல் தெரியாமல் தடுமாறும் பிள்ளையைக் கண்டால் எடுத்துக் கொடுக்கிற பழக்கம். பாவம், சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஒரு கிழமை ஏதாவது ஒரு வேலையிடத்துக்கு அனுப்பும். ஆரணி போனது தச்சர்களோடு. அதைத் தகப்பன் விளையாட்டு என்று நினைத்திருந்தார்.

"எப்ப யோசிச்சனீ இதை?" அவருடைய குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"அந்தக் கிழமை. கூரைக்கு மேலை நிண்டனான். மழை. கை எல்லாம் விறைச்சுப் போச்சு. எண்டாலும் எனக்கு வீட்டை வர மனமில்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீங்கள் போனிலை ஆரோடையோ மெடிசின் கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

திரையில் அந்தக் கொரியத் தகப்பன் கையில் கோழிக்காலோடு, வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். சிவநேசன் அண்ணை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரயில் நேரம் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த நேரத்தில் எழும்புவது எப்படி?

"பிள்ளை."

"ம்."

"அடுத்ததைப் போடு. உந்த அப்பா என்ன செய்யிறார் எண்டு பாப்பம்."

பார்த்தோம். அந்த அப்பாவுக்கு உண்மை தெரிகிறது. ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போகிறார். கோழியைப் பொரிக்கிறார், பொரிக்கிறார்... எல்லாம் கருகும்வரை பொரிக்கிறார். பிறகு ஏணி வைத்து ஏறி, அந்தத் துணியைக் கழற்றி, பின்பக்கம் திருப்பி எழுதுகிறார் — 'என் மகன் கடைசி. சலுகை இன்றும் உண்டு.' அடுத்த நாள் கடை வாசலில் முன்னையைவிட நீண்ட வரிசை. ஊரில் கடைசியாக வந்த பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லோரும் வந்து நிற்கிறார்கள்!

நாங்கள் சிரித்தோம். சிவநேசன் அண்ணை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவனிட்டைத் துணி இருந்தது, திருப்பி எழுதினான். நான் வாயாலை எல்லோ சொல்லிப்போட்டன்."

"வாயையும் திருப்பலாம்" என்றாள் வதனி.

ஆரணி சிரித்துவிட்டாள். தகப்பன் அவளைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து அவளிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத தலைமுறை நாங்கள். தின்னக் கொடுப்போம்.

கண்காணிப்புக் குழுவின் அறிக்கையை நான்தான் எழுதினேன். ஒரே வரி: 'தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.' சங்கம் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. இப்போது பெற்றோர் எல்லோரும் கண்காணிக்கிறார்கள். ஒரு தகப்பன் இரண்டாவது தடவையும் கண்காணித்துவிட்டார். 'பார், அந்தப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள்' என்று உபதேசமும் தொடங்கிவிட்டது. விளைவு? வகுப்பில் ஒருவரும் குனிவதில்லை. பெற்றோருக்குப் பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்கு அது செத்த பாம்பு.

ஆனால் வாயைத் திருப்புவது துணியைத் திருப்புவதுபோல் இல்லையே...

போன சனிக்கிழமை ஹ்விடோவ்ரேயில் ஒரு பிறந்தநாள் விழா. விழாக்காரரின் மகனும் டொக்டர், மகளும் டொக்டர். அந்த மனிதர் சிவநேசன் அண்ணையைப் பார்த்துக் கேட்டார். "என்ன, மகள் மெடிசினுக்கு ரெடியோ?"

நானும் வதனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "இல்லை... அவ வந்து... வுட் என்ஜினியரிங்."

"தச்சு வேலை, மாமா" என்றாள் பக்கத்தில் தட்டோடு நின்ற ஆரணி.

விழாக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். சிவநேசன் அண்ணையின் காது சிவந்தது. இனி என்ன, அனுதாபம்தான் என்று நினைத்தேன்.

"மெய்யே?" என்றார் விழாக்காரர், கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து. "பிள்ளை, என்ர வீட்டுக் கூரையிலை ஒரு பக்கம் ஒழுகுது. கோடைக்கு முதல் ஆளைப் பிடிக்கேலாமல் கிடக்கு."

"எங்கட குசினிக் கதவும்..." என்றது இன்னொரு குரல்.

"பின்வளவு மரத்தளம் உக்கிப்போச்சு, பிள்ளை!"

யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் டொக்டரைப் பார்க்கக் காசு தேவையில்லை. தச்சரைப் பார்க்க? போன் எடுக்க மாட்டார். எடுத்தால் வரமாட்டார். வந்தால், நாம் எழும்பி நின்று இடுப்பு வரைக்கும் குனிய வேண்டும். வீட்டில் இரண்டு டொக்டர்களை வைத்திருக்கிற மனிதர் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு படுக்கிறார்.

சிவநேசன் அண்ணை மெல்ல நிமிர்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "பிள்ளை இன்னும் படிக்கவே துவங்கேல்லை" என்றார் கம்பீரமாக. "எண்டாலும்... பேரைச் சொல்லி வையுங்கோ."

"ஃபா!" என்று கத்தினாள் ஆரணி.

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு மூடாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — வரிசையில் நான் நாலாவது.