வாகைக் கிளையில் முளைத்த காளான்

அன்று மரத்தடியில் அம்மா இருந்தார், பக்கத்து போர்ஷன் அக்கா இருந்தார், நான் இருந்தேன். அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் ஷிப்டில் இருந்தார். முக்கியமாக இருந்திருக்க வேண்டிய ஹவுஸ் ஓனர் வண்டலூரில் இருந்தார்.

எங்கள் சிமெண்ட் ஷீட் கூரைக்கு மேலே வாகையின் பெரிய கிளை ஒன்று நீண்டிருந்தது. அது பட்டுப்போய்விட்டது, எந்தக் காற்றிலும் எங்கள் மேல் விழும் என்பது அம்மாவின் கட்சி. "வாகைன்னா இலை கொட்டத்தான் செய்யும், பங்குனியில துளிர்க்கும். உயிரோட இருக்கிற மரத்துல கை வைக்க விடமாட்டேன்" என்பது ஓனரின் கட்சி. இந்த நிலையில்தான் கிளையில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான். மாத்திரை அட்டை, கரண்ட் பில், பெயர் தெரியாத பூச்சி எல்லாம் என்னிடம்தான் வரும். நான் படித்தது பி.காம். என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

"இன்னாடா இது? படிச்சவன்தானே, சொல்லு" என்றார் அம்மா.

"கொயம்பு வெக்கலாமான்னு மொதல்ல பாத்துச் சொல்லு தம்பி" என்றார் அக்கா.

போனில் படம் பிடித்து, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆப்பில் போட்டேன். ஆப் அதைச் சப்பாத்தி என்றது. மதில்மேல் ஏறி ஒன்றைப் பெயர்த்தெடுத்தேன். மேலே பழுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். அடியில், கடைக் காளானில் இருக்கும் மடிப்புகள் இல்லை. ஊசியால் குத்தியதுபோல் பொடித் துளைகள். வளைத்தால் செருப்புத் தோல்.

"கொழம்புக்கு ஆகாதுக்கா."

தேடிப் படித்ததில், செத்த மரத்தைத் தின்று வளரும் தட்டுக்காளான் என்று தெரிந்தது. சில வகைகள் உயிருள்ள மரத்திலும் வருமாம். அதனால் கிளையின் பட்டையையும் சுரண்டிப் பார்த்தேன். துளிகூடப் பச்சை இல்லை. ஓனருக்குப் படங்களை அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கன்ஃபார்மா செத்துடுச்சா?"

"கன்ஃபார்மா சார்."

"அப்போ அது மரம் இல்ல தம்பி, விறகு. விறகு எனக்கு எதுக்கு? நீங்களே வெட்டி எடுத்துக்கோங்க."

போன் கட் ஆனது. அம்மா காளானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கொஞ்சம் கம்மியா படிச்சிருக்கலாம் நீ."

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. ஷீட் உடையாமல் கயிறு கட்டிக் கிளையை இறக்க இரண்டு பேர், அதை அள்ளிப் போக ஒரு மினி லாரி. மொத்தம் மூவாயிரத்து இருநூறு ரூபாய்.