பேர் தெரியாமல் போட்ட போன்

சுமலதாவுக்குப் பிழைப்பு முத்தியால்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் ஒன்றில் டைப் அடிப்பது. ஆனால் அவளைத் தெருவில் நிறுத்தி நன்றி சொல்கிறவர்கள் யாரும் பத்திரிகைக்காகச் சொல்வதில்லை. ரத்த தானக் குழு ஒன்றின் வெப்சைட்டைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டவள் அவள். ரத்தம் வேண்டுமென்றால் போன் அவளுக்குத்தான் வரும். டேட்டாபேஸைத் திறப்பாள், குரூப்பைத் தேடுவாள், கொடுக்கக்கூடியவரைக் கூப்பிடுவாள்.

2007-இல் ஒரு நாள் சர்வர்க்காரர்கள் மெயில் அனுப்பினார்கள். பிரவுசரிலேயே டேட்டாபேஸைத் திறந்து பார்க்க அவள் வைத்திருந்த சாஃப்ட்வேர் அரதப் பழசாம், கண்டவனும் உள்ளே புகுந்துவிடுவானாம், புது வெர்ஷன் போடாவிட்டால் சைட்டையே மூடிவிடுவார்களாம். மதியச் சாப்பாட்டை ஒத்திப்போட்டுவிட்டு உட்கார்ந்தாள். புதுசை ஏற்றினாள், பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலை மட்டும் பழசிலிருந்து எடுத்து வைத்தாள், பழைய ஃபோல்டரை அழித்தாள். புது புரூஃப் வந்ததும் பழையதைக் கிழித்துப்போடுவதுதானே பிரஸ் வழக்கம்! சர்வரில் அந்தச் சுத்தம் உதவாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

டேட்டாபேஸைத் திறந்து பார்த்தாள். ரத்த குரூப் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது. பேர் இருக்கவேண்டிய இடத்தில் கொம்பும் வாலும் முளைத்த இங்கிலீஷ் எழுத்துகள்.

"என்னாடி இது, பாண்டிச்சேரின்னு தெரிஞ்சு பிரெஞ்சுல வந்துடுச்சா?" என்றாள் பக்கத்து மேஜை ஃபாத்திமா.

சிரிக்கும் நிலையில் சுமலதா இல்லை. தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது. எல்லாப் பேரையும், இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டும் பிரஸ்ஸின் பழைய ஃபான்ட்டில் அடித்து வைத்திருந்தாள். பழைய வெர்ஷன் அதையும் பொறுத்துக்கொண்டு காட்டியது. புதுசுக்கு யூனிகோடில் அடித்த தமிழ்தான் தமிழ்.

பழசைத் தேடி மறுபடி இறக்கலாமா என்று யோசிக்கும்போதே போன் அடித்தது. வீராம்பட்டினத்துக்காரன், முருகையன் என்று ஒருவன். பொண்டாட்டிக்குப் பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும், ஆஸ்பத்திரியில் இருந்ததை ஏற்றியாகிவிட்டது.

"சீக்கிரம் யாரையாவது அனுப்புக்கா. அவளுக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு" என்று அழுதான்.

ஓ நெகட்டிவ் என்ன தெருவுக்குத் தெருவா கிடைக்கிறது? மொத்தம் மூன்றே நம்பர். முதல் நம்பர் சுவிட்ச் ஆஃப். இரண்டாவது நம்பர்க்காரர் சென்னையில் இருந்தார். மூன்றாவதை அழுத்தினாள்.

"ரத்த தானக் குழுவுலேர்ந்து பேசறேன் சார். தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க பேரு தெரியல..."

"உங்கொரலு எனக்குத் தெரியுது. அந்த பிரஸ்ஸு பொண்ணுதான நீ?"

கலியமூர்த்தி! சுமலதாவுக்கும் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. நெல்லித்தோப்புக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் கடைசித் திருத்தத்தின்போது தாய்மாமன் பேரைத் தவறவிட்டவள் இவள். பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகுதான் தெரிந்தது. மச்சான் முறுக்கிக்கொண்டு கல்யாணத்துக்கே வரவில்லை. பிரஸ் வாசலில் நின்று அவர் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து டேட்டாபேஸில் அந்தப் பேரைப் பார்த்தாலே அவள் கண் அடுத்த வரிக்கு ஓடிவிடும்.

"ஆமா சார்" என்றாள். போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி? வண்டிய எடுத்துட்டேன், சொல்லு."

சாயங்காலம் சுமலதா போனபோது கலியமூர்த்தி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். முருகையன் அவரைவிட்டு நகராமல் நின்றிருந்தான்.

"கண்ணு முழிச்சுட்டாக்கா. கொழந்தையக் கேட்டா" என்றான்.

சுமலதா கலியமூர்த்தியைக் கும்பிட்டாள்.

"ரெண்டு வருஷமா ஒரு போன்கூட வரலியேம்மா" என்றார் அவர். "எம்பேர எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"எடுக்கல சார். நான்தான் கூப்புடல. பயம்."

"கத்துனேன், வாஸ்தவந்தான். அதுக்காக ரத்தம் கேக்கமாட்டியா?"

பேர் தெரிந்திருந்தால் அந்த நம்பரை அழுத்தியிருப்பாளா? அழுத்தியிருப்பேன் என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. பேரை மறைத்த கடவுளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஞ்சு ஒட்டிய அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.