அம்மையப்பனின் இடது கால்

வளைகுடா நாட்டில், சத்வா என்ற பேட்டையில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். நான் தியாகு, ஏ.சி. மெக்கானிக். இரண்டாவது ஆள் கூத்தாநல்லூர் கலீலுர் ரஹ்மான் பாய். எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே தையல் கடை வைத்திருந்தார். மூன்றாவது ஆள் அம்மையப்பன். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கேயே தேரா கடைத்தெருவில் ஓர் அரபியின் கைக்கடிகாரக் கடையில் அவனுக்கு வேலை. 1976-இல் நான் அவனுக்குச் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம்தான் வெட்கம் வருகிறது.

அம்மையப்பன் பார்ப்பதற்கு ஆறடி ஆள். அய்யனார் கோயில் வாசலில் நிறுத்தி வைத்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள், அப்படி ஒரு மீசை. ஆனால் அறையில் கரப்பான்பூச்சி வந்தால் அடிக்க விடமாட்டான். காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுவான். "விடுடா தியாகு, அதுவும் நம்மள மாதிரி பொழைக்க வந்ததுதான்" என்பான். முட்டைகூடச் சாப்பிடாதவன். ஒரு சமாச்சாரம் காதில் விழுந்தால் அன்று மாலைக்குள் மூன்று பேரிடம் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவனைத்தான் அவனுடைய அர்பாப், அதாவது முதலாளி, ஹமத் என்பவர் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டார். வாரத்தில் இரண்டு நாள் சுவிட்சர்லாந்திலிருந்து விமானத்தில் கடிகாரப் பார்சல் வரும். ஏர்போர்ட் சரக்குக் கொட்டகைக்குப் போய் அதை எடுத்து வருவது அம்மையப்பனின் டூட்டி. முந்தின வாரம் வேறொரு கடை ஆளை வழியில் மறித்து, பார்சலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அர்பாப் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்ன ரிவால்வரையும் அதற்கான அனுமதிக் காகிதத்தையும் எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"தும் படா ஆத்மி. மூச் பஹுத் அச்சா" என்று மீசையைச் சுட்டிக் காட்டினார். "யே தும்ஹாரா பாஸ் ரக்கோ." இதை நீயே வைத்துக்கொள் என்றார்.

அம்மையப்பன் இரண்டு எட்டுப் பின்னால் போனான். தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டி, "அர்பாப், ஹம் அண்டா பீ நஹி காத்தா" என்றான். முட்டைகூடச் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம்.

"கானே கோ கோன் போலா?" என்றார் அர்பாப். சாப்பிடச் சொன்னது யார் என்று கேட்டார்.

பிறகு விரலை ஆட்டி எச்சரித்தார். ரிவால்வர் இருப்பது ஒரு ஜீவனுக்கும் தெரியக்கூடாது. கடையில் தெரியக்கூடாது, அறையில் தெரியக்கூடாது. தெரிந்தால் கலாஸ், வேலை முடிந்தது, டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அப்போது எனக்கும் பாய்க்கும் ஒன்றும் தெரியாது.

அந்த ரிவால்வரை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் அவனுக்கு முதல் கஷ்டம். அது பெல்பாட்டம் காலம். பேண்ட் இடுப்பிலும் தொடையிலும் தோலோடு தோலாக ஒட்டிக் கிடக்கும். பாக்கெட்டில் சீப்பு வைத்தாலே பல் எண்ணலாம். சட்டையும் அப்படித்தான், பொத்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உடுப்பில் தாராளமாக இடம் இருந்தது முழங்காலுக்குக் கீழே மட்டும். அங்கே ஒரு குடும்பமே குடியிருக்கலாம். அம்மையப்பன் மருந்துக் கடையில் ஒரு சுருள் கிரேப் பேண்டேஜ் வாங்கி, ரிவால்வரை இடது கெண்டைக்காலில் வைத்து வரிந்து கட்டிக்கொண்டான். குண்டுகளை மட்டும் முதல் நாளே கழற்றி, கடையில் தன் மேசை இழுப்பறையில் பழைய கடிகாரப் பட்டைகளுக்கு அடியில் போட்டுவிட்டான். வெடித்துத் தொலைத்தால் போவது தன் கால்தானே என்று பயம்.

பார்சல் நாட்களில் அவன் அறையிலிருந்தே நேராக ஏர்போர்ட் போகவேண்டும். அதனால் ரிவால்வர் எங்கள் அறைக்கும் வந்து போனது. அவனுடைய இரும்புப் பெட்டியில், மூன்று பூட்டுக்குப் பின்னால்.

நாங்கள் கண்டது வேறு. நன்றாக நடந்துகொண்டிருந்தவன் இடது காலை இழுத்து நடக்க ஆரம்பித்தான். சாப்பிட உட்கார்ந்தால் சம்மணம் போடுவதில்லை, ஒரு காலை நீட்டியே வைத்திருந்தான். எங்கள் எதிரில் லுங்கி மாற்றுவதை நிறுத்திவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். வெயில் ஏற ஏற, பேண்டேஜுக்கு அடியில் வேர்க்குரு கிளம்பி, காலைச் சொறிந்தபடியே இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை நான் மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். கொடியில் நீளமாக அந்தக் கிரேப் பேண்டேஜ் காய்ந்துகொண்டிருந்தது.

கும்பகோணத்து ஆள், ஒரு கால் மட்டும், பேண்டேஜ். வேறு என்ன நினைப்பேன்? இறங்கி வந்து பாயிடம் சொன்னேன்.

"பாய், அம்மையப்பனுக்கு யானைக்கால்."

பாய் தையல் மிஷினை நிறுத்தினார். "சத்தமாப் பேசாதீங்க தம்பி. மெடிக்கல்ல தெரிஞ்சா விசா போயிரும். பாவம், அதான் புள்ள நம்மகிட்டயும் மறைக்குது."

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கினோம். தண்ணீர்ப் பீப்பாயை அவனைத் தூக்க விடவில்லை. மாடிப்படி ஏறும்போது நான் பின்னால் கை கொடுத்தேன். பாய் இன்னும் ஒரு படி மேலே போனார். அவனுக்குப் புதிதாகத் தைத்த இரண்டு பேண்டுகளிலும் இடது காலில் மட்டும் நான்கு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைத்துக் கொடுத்தார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல். அம்மையப்பன் போட்டுப் பார்த்துவிட்டு, "பாய், இந்தக் காலு எவ்வளவு சௌகரியமா இருக்கு!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

இது இத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அம்மையப்பனுக்குத் திருவிடைமருதூரில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் சரசு. அவளுடைய அண்ணன் சேதுபதி ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் மெக்கானிக். ஒரு கம்ப்ரசர் விஷயமாக நான் அந்தப் பக்கம் போனபோது ஆளைப் பார்த்தேன்.

"எங்க மாப்ள எப்படி இருக்காரு?" என்று சிரித்தபடி கேட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையாயிற்றே என்று சொல்லிவிட்டேன். மனுஷன் முகம் செத்துப்போனது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவுக்கே இருவது வருஷமா இந்தச் சீக்குதாங்க. எங்கம்மா பட்டதும் தங்கச்சி பட்டதும் போதும். நானே பாத்துக்கிறேன். என்னிக்கு எங்க இருப்பாரு?"

அதையும் நானேதான் சொன்னேன். புதன்கிழமை காலை பத்து மணி, ஏர்போர்ட் சரக்குக் கொட்டகை.

அந்தப் புதன்கிழமை அம்மையப்பன் பார்சலோடு வெளியே வந்தபோது சேதுபதி கராஜ் பிக்கப்போடு நின்றுகொண்டிருந்தார். "ஏறுங்க மாப்ள, கடையில விட்டுர்றேன்" என்றார். வருங்கால மைத்துனர் கூப்பிட்டால் எப்படி மறுப்பது? ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் சேதுபதி வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"கோச்சுக்காதீங்க. பேண்டக் கொஞ்சம் தூக்குங்க, காலப் பாக்கணும்."

"எந்தக் கால?"

"ரெண்டு காலயும்."

அம்மையப்பன் வலது காலைக் காட்டினான். சேதுபதி குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். "ம். இது நல்லாருக்கு. இன்னொண்ணு?"

"அது இப்ப டூட்டில இருக்குங்க."

அவன் வாயில் அந்த நேரத்தில் வந்தது அவ்வளவுதான். சேதுபதிக்குப் பொறுக்கவில்லை. மெக்கானிக் கையல்லவா, எட்டி இடது கெண்டைக்காலைப் பேண்டோடு சேர்த்துக் கப்பென்று பிடித்துவிட்டார். பிடித்தவர் அப்படியே உறைந்துபோனார்.

"ஐயோ! கல்லால்ல இருக்கு! எங்கப்பாவுக்கு இத்தன வருஷத்துக்கு அப்புறமும் மெத்துமெத்துனுதானே இருக்கு!"

அம்மையப்பன் பேண்டைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான். பேசினால் வேலை போகும், பேசாவிட்டால் பெண் போகும். சேதுபதி கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டியை ஓட்டி, கடை வாசலில் இறக்கிவிட்டார். "உடம்பப் பாத்துக்கங்க மாப்ள. ஊருக்கு நான் எழுதிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அம்மையப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. நோய் முற்றுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நான் எங்கேயோ விசாரித்து யானைக்கால் மாத்திரை வாங்கி வந்து, அவன் தலையணைக்குக் கீழே வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு என்னையே உற்றுப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்கு அப்போது படிக்கத் தெரியவில்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. நீல இன்லேண்ட் போல மடித்த ஏர்மெயில். சரசு எழுதியிருந்தாள். அதை அவன் பிற்பாடு என்னிடம் காட்டினான்.

'உங்கள் கால் கல் மாதிரி இருக்கிறது என்று அண்ணன் எழுதியிருக்கிறது. கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறது. அப்பா காலுக்கு நான்தான் தினம் எண்ணெய் தேய்த்து விடுகிறேன். யானைக்காலைப் பார்த்து எனக்குப் பயம் இல்லை. ஆனால் நீங்கள் மறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. காலில் இருப்பது என்னவென்று உண்மையைச் சொன்னால் கட்டிக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் வேண்டாம்.'

அம்மையப்பன் இந்தக் கடிதத்தை ஏழெட்டு முறை படித்தானாம். மறுநாள் கடைக்குப் போனவன் நேராக அர்பாப்பின் அறைக்குள் நுழைந்தான். கதவைச் சாத்தினான். குனிந்து, பேண்டைத் தூக்கி, பேண்டேஜை அவிழ்த்து ரிவால்வரை உருவினான். அதை மேசைமேல் டக்கென்று வைத்துவிட்டு, கலங்கிய கண்ணோடு சொன்னான்:

"அர்பாப், ஹம்கோ ஷாதி மாங்தா."

கல்யாணம் வேண்டும் என்றான். கதவு சாத்தியிருக்கிறது, ஆறடி ஆள், சிவந்த கண், மேசையில் ரிவால்வர். ஹமத் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

"ஷாதி கரோ! ஷாதி கரோ! தோ மஹினா சுட்டி!"

"சுட்டி நஹி, அர்பாப்..."

"தீன் மஹினா!"

இரண்டு மாத லீவு மூன்று மாதமாகிவிட்டது. அம்மையப்பன் பதறிப்போய், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன் என்று கையாலும் காலாலும் விளக்கினான். யானைக்கால் என்பதற்கு இந்தி தெரியாமல், கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டு யானையைப் போல நடந்து காட்டினான். முதலில் அர்பாப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. தலைத்துணி நழுவிக் கீழே விழுந்தது. கொஞ்சம் அடங்கியதும் ரிவால்வரைக் கையிலெடுத்துத் திறந்து பார்த்தார்.

"கோலி கிதர்?" குண்டு எங்கே என்று கேட்டார்.

"டிராயர் மே, அர்பாப்."

"கப் ஸே?" எப்போதிலிருந்து என்றார்.

"முதல் நாள்லேருந்து" என்று தமிழிலேயே சொல்லிவிட்டான். அதுவும் அவருக்குப் புரிந்தது. ஆறு மாதமாகத் தன் கடிகாரங்களைக் காத்தது வெறும் இரும்புத் துண்டு என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 'டிக்கெட்' என்று சொல்லப் போகிறார் என்று அம்மையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவர் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். "யல்லா", கிளம்பு என்றார்.

அன்று மதியம் ஷார்ஜா கராஜில் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது. அர்பாப் இறங்கி, "சேதுபதி கோன்?" என்று கேட்டார். கிரீஸ் கையோடு சேதுபதி ஓடி வந்தார். மெக்கானிக்குகள் எல்லாம் கூடிவிட்டார்கள். அர்பாப் சைகை காட்ட, அம்மையப்பன் பேண்டை இரண்டு காலிலும் முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வெயிலில் நின்றான். வேர்க்குருவைத் தவிர வேறு குறையில்லை.

"தேக்கோ! தோ பேர், பர்ஃபெக்ட்!" என்றார் அர்பாப், கடையில் கடிகாரம் காட்டும் குரலில். பார், இரண்டு காலும் சுத்தம் என்று அர்த்தம்.

சேதுபதி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "அப்ப நான் புடிச்சது என்ன?"

அர்பாப் தலையசைத்து உத்தரவு கொடுத்தார். அம்மையப்பன் சேதுபதியைத் தனியே கூட்டிப்போய்க் காதில் சொன்னான். சேதுபதி பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அதயா நான் அந்த அமுக்கு அமுக்குனேன்?"

"குண்டு இல்லீங்க."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆவணியில் கல்யாணம். எனக்கும் அப்போது லீவு, போயிருந்தேன். சேதுபதி எழுதிய முதல் கடிதம் ஊர் முழுவதும் பரவியிருந்தது, இரண்டாவது கடிதத்தை யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளைக்குப் பெண்ணின் தகப்பனார் கால் கழுவும் சடங்கு வந்ததும் பந்தலில் இருந்த நாதஸ்வரக்காரர்வரை எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். தகப்பனார் தன் வீங்கிய காலை ஒருபக்கமாக நீட்டி, சிரமப்பட்டு உட்கார்ந்தார். இடது காலைத்தான் முதலில் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றியபடி, கெண்டைக்காலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் உக்காருங்கய்யா" என்றார்.

மறுநாள் சரசு என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் எங்கண்ணன்கிட்ட சொன்ன தியாகுவா?"

பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. "ஆமாம்மா. தப்பா நெனைக்காத."

"இல்லண்ணே. நீங்க சொன்னதாலதான் இவரு காலுல என்னத்தக் கட்டிக்கிட்டு அலைஞ்சாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. இனிமேயும் எதாவது மறைக்கிற மாதிரி தெரிஞ்சா எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க."

எழுதினேன், இரண்டு தடவை. ஒன்று, அவன் சிகரெட் பிடிக்க ஆரம்பித்தபோது. இன்னொன்று, பாய் செய்த பிரியாணியில் இருந்த முட்டையை அவன் சாப்பிட ஆரம்பித்தபோது. இரண்டுக்கும் சரசுவிடமிருந்து பதில் கடிதம் வந்தது, எனக்கு நன்றி சொல்லி ஒன்று, அவனைத் திட்டி ஒன்று. 1979-இல் அவன் அவளையே சத்வாவுக்குக் கூட்டி வந்துவிட்டான். அதோடு எனக்கு அந்த வேலை போயிற்று.