கம்பள மூலையில் மஞ்சள்

பகலெல்லாம் பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்க வருடத்தை நான்கு இலக்கமாக்குவது என் வேலை. பார்சிப்பனி அலுவலகத்திலிருந்து பத்து நிமிட டிரைவில் ஒரு கம்பளக் கடை. தொண்ணூற்றெட்டில் என் மனசு முழுக்க அங்கேதான் கிடந்தது. லைப்ரரியில் கம்பளங்களைப் பற்றி இருந்த ஐந்து புத்தகங்களையும் இரண்டு முறை படித்து முடித்திருந்தேன். கடைக்காரர் ஈரானியர், அதிகம் பேசாதவர். சனிக்கிழமைகளில் என்னைப் பின்னறைக்குள் விடுவார். பழைய கம்பளங்களைக் குப்புறப் புரட்டி, பாவு நூல் பருத்தியா கம்பளியா, முடிச்சு ஒரு நூலைச் சுற்றியதா இரண்டையா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பின்பக்கத்தில் எதையும் மறைக்க முடியாது. வாடிக்கையாளர் யாருக்கும் அந்த அறை கிடையாது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாதே, வீட்டுக்குக் கொண்டு போய் விரித்துப் பார், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்பார்கள். ஈரோட்டிலிருந்து வந்து எங்கள் காம்ப்ளெக்ஸில் குடியிருந்த அக்காவுக்காக, கடைக்காரர் என் வாக்கை மட்டும் நம்பி ஒரு கம்பளத்தைக் கொடுத்தனுப்பினார். அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அது கடைக்குத் திரும்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அதை அக்கா வீட்டு ஹாலில் விரித்தோம்.

"ஏன் கண்ணு, பாதிக்கு மேல நீலம் வெளுத்துக் கெடக்குதே? வெயில்ல போட்டு வெச்சிருந்தானா?"

"வெளுக்கலக்கா. ஒரு தடவை சாயம் போட்ட நூல் தீர்ந்திருக்கும், அடுத்த தடவை போட்டது கொஞ்சம் மாறியிருக்கும். இதுக்கு அப்ராஷ்னு பேரு. கையால நெய்ததுக்கு அடையாளமே இதுதான்."

"நல்லாத்தான் கதை உடறே, போ."

வியாழக்கிழமை மாலை போனபோது, தந்த நிறக் கரையின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

"அக்கா, என்ன இது?"

"மஞ்ச. புதுத்துணி வூட்டுக்கு வந்தா மூலையில தொட்டு வெக்க மாட்டமா? நேத்தே வெச்சேன்."

"இன்னும் நம்மளது ஆகலயேக்கா! பாக்கத்தானே குடுத்திருக்காரு!"

அக்காவின் முகம் மாறியது. "வாங்கிருவோம்னுதான் வெச்சேன். இன்னைக்குக் காலையில உங்க மாமா வேண்டாம்னுட்டாரு. தரை பூரா கார்பெட்டு கெடக்குது, அதும்மேல இன்னொண்ணு எதுக்குன்னு கேக்கறாரு."

கறையோடு திருப்பினால் பின்னறை அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை துணி சோப்பைத் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. அக்கா, "ஐயோ, கையெடு கண்ணு!" என்று கத்தினாள். வினிகர் விட்டதும் மறுபடி மஞ்சளுக்கு வந்தது, ஆனால் போகவில்லை. இன்னும் தேய்த்தால் பக்கத்துச் சிவப்புச் சாயம் கரைந்து தந்த நிறத்தில் இறங்கிவிடும் என்று பயம்.

சனிக்கிழமை பத்தரை மணி. நெய்து முடித்த கம்பளத்தைக் கடைசியில் கத்தரித்துத்தான் மட்டமாக்குவார்கள் என்று படித்திருந்தேன். அந்த ஒரு வரியை நம்பி நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். மஞ்சள் பட்ட இழை நுனிகளை மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெட்டினேன்.

"அட, போயே போச்சு! பெரிய கெட்டிக்காரிதான் நீ."

பதினொன்றே முக்காலுக்குக் கடையில் இருந்தோம். நான் கடைக்காரரின் கண்ணுக்குத்தான் பயந்து வந்திருந்தேன். அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. கரையோரம் உள்ளங்கையை வைத்து மெதுவாக நடத்திக்கொண்டே போனார். மூலைக்கு வந்ததும் கை நின்றது. பின்னால் போய், திரும்ப வந்து, நான் வெட்டிய பள்ளத்திலேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அக்கா என் காதருகே, "அக்காதான் வெட்டிட்டாங்கன்னு சொல்லிரு கண்ணு. எனக்கென்ன, நானா இங்க வரப் போறேன்?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் கை இன்னும் மூலையை விட்டு நகரவில்லை. மஞ்சள் வைத்தது அக்கா ஊர் வழக்கம், வெட்டியது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சமையல் மஞ்சள்தானே என்று கேட்டார். தலையாட்டினேன். ஜன்னலோரம் வெயிலில் சில நாள் போட்டிருந்தால் அதுவே மங்கிப் போயிருக்கும் என்றார். ஒரு போன் செய்திருந்தால் சொல்லியிருப்பாராம். குரல் ஏறவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்கா அவரைப் பார்த்து "சாரி, சாரி" என்று கும்பிட, அவரும் மார்பில் கை வைத்துத் தலை தாழ்த்தினார். கம்பளத்தைச் சுருட்ட நான் குனிந்தபோது, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அதோடு இன்னொன்றும் சொன்னார்.

காரில் ஏறியதும் அக்கா கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னாரு? இனிமே வராதேன்னுட்டாரா?"

"வரலாமாம்க்கா. எல்லாரையும் மாதிரி முன்னறையிலயே நின்னு பாத்துட்டுப் போகணுமாம்."

"அதுக்கென்ன, பாத்துக்கலாம் போ" என்று சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள் அக்கா. நான் சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தேன்.