மழையை மறந்தவர்

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் நான் டைப் அடித்த கட்டட அலுவலகத்தில் அவர் படம் வரையும் டிராப்ட்ஸ்மேன். கீழக்கரைக்காரர், ஒல்லி, தூங்காத கண்கள். தாளில் பிசகிய மைக்கோட்டை அரை பிளேடால் சுரண்டித் தூளை ஊதிவிடுவார்.

ஒருமுறை ஐரோப்பிய மலைச்சரிவொன்றின் திராட்சைத் தோட்டத்துக்காக ஒரு வீடும் ஒயின் ஆலையும் வரைந்தார். ஒரு கொடியைக்கூட வெட்ட வேண்டாதபடி, சரிவோடு சேர்ந்து இறங்கும் கட்டடம். தோட்டக்காரர் ஒரே கேள்வியோடு படத்தைத் திருப்பி அனுப்பினார்: கூரையில் விழும் மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்கும்?

பதினாறு வருடம் பாலைவனத்துக்கே வரைந்தவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

“மழையவே மறந்துட்டேன் தம்பி. ஊருக்குப் போக லீவு குடுக்குறதே கோடையிலதான். நனைஞ்சு எத்தனையோ வருசமாச்சு.”

பழக்கத்தில் பிளேடை எடுத்தார். படத்தில் சுரண்டுவதற்குப் பிசகிய கோடு ஒன்றுகூட இல்லை.