கறைக்காரரும் நுரையின் கண்ணும்

கறைக்காரரின் இடது கை நாயின் தாடையைப் பிடித்திருந்தது. வலது கை பஞ்சுத் திரியைக் கிண்ணத்தில் தோய்த்து, கன்னத்து முடியில் ஒற்றி, ஒற்றிய இடத்தைச் சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் இருந்தது தலைமுடியை வெளுக்க விற்கிற திரவம். அதில் சோளமாவைக் குழைத்துக் கூழாக்கியிருந்தார். பால்கனியில் துணி துவைக்கிற தொட்டி, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் துண்டு, துண்டின்மேல் நாய்.

நாயின் பெயர் நுரை. மகள் வைத்த பெயர். குட்டைக் கால்கள், தரையைத் தொடும் முடி, உடம்பு முழுக்க வெள்ளை. கண்களின் உள்மூலையிலிருந்து மூக்கின் இருபுறமும் மட்டும் செம்பழுப்பாக இரண்டு கோடுகள் இறங்கின.

"ஆடாம நில்லுடி. இன்னிக்குப் போயிடும்" என்றார் நாயிடம்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நேத்து எலுமிச்சம்பழம். இன்னிக்கு வேற சரக்கு."

"உங்க சரக்கெல்லாம் சட்டைக்குத்தான் சரி. அது தின்கிற பிஸ்கட்டை நிறுத்துங்க, கறை தானா நிக்கும்."

அவர் பஞ்சை மறுபடி தோய்த்தார். கறை விஷயத்தில் பிறர் சொல்லைக் காதில் போட்டுக்கொள்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் கறை நீக்குபவராக இருந்தார். மற்றவர்கள் துவைத்தார்கள், தேய்த்தார்கள், மடித்தார்கள். அவர் துவைக்கும் முன் துணியை விளக்கடியில் விரித்துப் பார்த்து, இது இரும்புத் துரு, இது திராட்சை, இது பேனா மை என்று பிரிப்பார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரிடம் முகத்துக்கு நேராகவே, "இது உதட்டுச்சாயம் சார். உங்க வீட்டம்மாவோட நிறம் இல்லை" என்று சொல்லி, அந்தக் குடும்பம் இரண்டு வீடாகப் பிரியக் காரணமாக இருந்தார். அதையும் தொழில் திறமை என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனிதர்களை அவர் முகத்தில் பார்ப்பதில்லை, மார்பில் பார்ப்பார். சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்த மச்சானைத் தனியே அழைத்துப்போய், சட்டைப்பையில் மை கசிந்திருப்பதைக் காட்டிய மனிதர் அவர். மனைவி படியில் விழுந்து நெற்றி பிளந்த அன்று ஓடிவந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "மேல்சட்டையைக் கழட்டிப் பச்சைத்தண்ணியில போடு, காஞ்சா போகாது" என்பது. தையல் போட்ட இடத்தை அவள் இன்றைக்கும் தடவிப் பார்த்துக்கொள்வதுண்டு, முக்கியமாக அவர்மேல் இரக்கம் வரும்போல் இருக்கிற நேரங்களில்.

அவருடைய வேத வாக்கு ஒன்று உண்டு. கறையை நடுவில் தொடக்கூடாது. தொட்டால் பரவும். ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இதை அவர் பெண் பார்க்க வந்த அன்றே மாமனாருக்கு விளக்கினார். மாமனார் பெண்ணை எப்படிக் கொடுத்தார் என்பது வீட்டில் யாருக்கும் விளங்காத மர்மம்.

அவர் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். பராமரிப்புப் பயிற்சி மட்டும்தான், ஆனாலும் அங்கிருந்த கிழவர்கள் எல்லாரும் அவளைச் சிஸ்டர் என்றுதான் அழைத்தார்கள். அவளும் திருத்தவில்லை. வீட்டில் அந்தப் பட்டத்தை அவர் நக்கலுக்குப் பயன்படுத்துவார். "சிஸ்டர், காபி ஆறிப்போச்சு" என்பார்.

மகள் வெளியூரில் வேலை கிடைத்துப் போனபோது, தங்குகிற இடத்தில் நாயை விடமாட்டார்கள் என்று நுரையை இங்கே விட்டுப்போனாள். சனிக்கிழமை வருகிறாள். போன வாரம் போனில் நாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நுரை அழுதுட்டே இருக்கா? மூஞ்சியைக் கவனிக்கிறதே இல்லையா?" என்று கேட்டாள். சும்மா கேட்ட கேள்விதான். கறைக்காரருக்கு அது கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. ஊர்க் கறையெல்லாம் எடுத்தவர் வீட்டில், பெற்ற மகளின் நாய் முகத்தில் கறையா!

அன்றிலிருந்து போர். முதலில் சோப்பு, அப்புறம் எலுமிச்சை, இப்போது இந்தக் கூழ். மனைவியோ பிஸ்கட்தான் காரணம் என்று ஒரே பிடியாக நின்றாள். அவர் ரகசியமாகப் பிஸ்கட் கொடுப்பதும், அவள் டப்பாவை ஒளித்து வைப்பதும், அவர் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதுமாக, நாயைவிட இவர்கள்தான் அதிகம் நாய்போல் நடந்துகொண்டார்கள். யார் சொல்வது சரி என்பதில் இருவருக்கும் அப்படி ஒரு மும்முரம். இல்லத்தில் ஒரு கிழவரின் கண்ணில் நீர் வடிந்தால் கையைக் கழுவிவிட்டு முதல் வேலையாக இமையைத் தூக்கிப் பார்க்கிறவள், சொந்த வீட்டு நாயின் இமையைத் தூக்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நுரை சோபாவின் காலில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வலது கண் மூடியே இருந்தது. மனைவி ஜன்னல் திரையை விலக்கியதும் வெளிச்சத்துக்குப் பயந்து சோபாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையைக் கழுவினாள். நாயை இழுத்து மடியில் போட்டு இமையைத் தூக்கினாள். கருவிழியின்மேல் நீலப் புகை படர்ந்தமாதிரி இருந்தது.

"ஏங்க, கிளம்புங்க. டாக்டர்கிட்ட போகணும்."

"இப்பவா? அங்க போனா மூஞ்சி முடியை வெட்டிடுவாங்க. நாளைக்குப் பொண்ணு வர்றா, வந்து பார்க்கறப்ப அலங்கோலமா இருக்கும். இன்னொரு தடவை தேய்ச்சா..."

"இன்னொரு தடவை அந்தக் கிண்ணத்தைத் தொட்டீங்கன்னா உங்க கண்ணுல ஊத்திடுவேன். செருப்பைப் போடுங்க."

அவர் செருப்பைப் போட்டார்.

நாய் டாக்டர் சின்னப் பெண், கிராப் வெட்டிய தலை, தூங்கிப் பல நாள் ஆனமாதிரி முகம். நுரையை மேசையில் ஏற்றியதும், "எப்பலேர்ந்து கண்ணை மூடிட்டிருக்கு?" என்று கேட்டாள்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கறை எப்போதிலிருந்து என்று கேட்டிருந்தால் போட்டி போட்டுக்கொண்டு சொல்லியிருப்பார்கள்.

டாக்டர் ஒரு காகிதக் கீற்றை நனைத்து இமையின் உள்ளே தொட்டாள். ஆரஞ்சு நிறச் சாயம் கண்ணில் பரவிக் கன்னத்தில் வழிந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கைப் பிடித்தாள். கருவிழியில் ஓர் இடம் மட்டும் பளீரென்று பச்சையாக மினுங்கியது.

"நல்லா இருக்கிற இடத்துல சாயம் ஒட்டாது. புண்ணுல மட்டும்தான் பிடிக்கும். அதான் பச்சையாத் தெரியுது."

கறைக்காரர் குனிந்து உற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது போகுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"புண்ணா? பார்க்கலாம் ஐயா."

"இல்ல, கன்னத்துல வழிஞ்சிருக்கே, இந்தச் சாயம்."

மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். டாக்டர் விளக்கைப் போட்டாள்.

"உள்மூலையில முடி வளர்ந்து கண்ணுக்குள்ள உரசுது. அதான் தண்ணி வடியுது. வெள்ளை நாய்னா அந்தத் தண்ணி முடியில காயக்காய இந்த நிறம் ஆகும். அது அழுக்கு இல்ல."

"அப்ப பிஸ்கட்?" என்றாள் மனைவி, கடைசி நம்பிக்கையோடு.

"பிஸ்கட் குடுக்காதீங்க, குண்டாயிடும். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

கறைக்காரர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

"முடி உரசினா இவ்வளவு பெரிய புண் வராதே. எதைப் போட்டுத் துடைச்சீங்க?"

அவர் சொன்னார். டாக்டரின் முகம் மாறியது. "எப்படித் துடைச்சீங்க, காட்டுங்க."

இப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு வேலையை விட்டபின் கிடைத்ததே இல்லை. பஞ்சை வாங்கி அழகாகத் திரித்து, மேசை விரிப்பின்மேல் செய்து காட்டினார். "கறையை நடுவுல தொடக்கூடாதும்மா. பரவிடும். தாடைப் பக்கம் ஆரம்பிச்சு, இப்படி ஓரம் ஓரமா, மேல தள்ளித் தள்ளி நடுவுக்குக் கொண்டுபோகணும்."

"நடுவுல கண்ணு இருக்கே ஐயா" என்றாள் டாக்டர்.

அடுத்த அறையில் ஒரு பூனை கத்தியது. கறைக்காரர் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி பஞ்சைப் பார்த்தார். கூழும் முடியும் சேர்ந்து எங்கே போயின என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் கண்ணைக் கழுவினாள். உள்மூலை முடியை வெட்டினாள். சொட்டு மருந்து கொடுத்து, நாய் முகத்தைத் தேய்க்காமலிருக்கக் கழுத்தில் புனல்மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டினாள். "நாளைக்குக் காலையில கொண்டுவாங்க. மறுபடி சாயம் விட்டுப் பார்க்கணும். புண் ஆழமாப் போச்சுன்னா இந்தக் கண்ணுல பார்வை தங்காது. சொட்டு மருந்தைத் தவறவிடாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியில் அவர் நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். தெருமுனையில், "அந்த நீல விளக்கு அப்ப சலவைக்கூடத்துல எங்கிட்ட இருந்திருந்தா..." என்று தொடங்கினார்.

"வாயைத் திறக்காம நடங்க."

"நீயும்தான் பார்க்கல" என்றார் கொஞ்ச தூரம் போனபின்.

அவளுக்குச் சுருக்கென்றது. நியாயம்தான். ஆனால் நியாயத்தை ஒப்புக்கொள்ள அது நேரமில்லை. "சரி, ரெண்டு பேரும் குருடுதான். தலையை நல்லாப் பிடிங்க, புனல் இடிக்குது" என்றாள்.

மருந்து போடுவது இருவர் வேலை. அவர் பிடிக்கிற பிடியில் முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, இரண்டாவது அவர் கண்ணாடியில் விழுந்தது. "ஈரத்துணியைப் பிழியற மாதிரிப் பிடிக்காதீங்க. பயந்துபோன கிழவனைப் பிடிக்கிற மாதிரிப் பிடிங்க." அவருக்கு அந்த அனுபவம் இல்லை. அவள் அவர் தாடையையே பிடித்துக் காட்டினாள். மூன்றாவது சொட்டு கண்ணில் விழுந்தது.

மறுநாள் காலை அவள் எழுந்தபோது அவர் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கன்னத்துக் கோடுகள் போனபாடில்லை. போதாக்குறைக்கு டாக்டர் விட்ட சாயமும் காய்ந்து திட்டாகியிருந்தது. மூலை முடி வெட்டுப்பட்டு முகம் ஒருபக்கமாகச் சாய்ந்தமாதிரி தெரிந்தது. வலது கண் பாதி திறந்திருந்தது.

மகள் பையோடு உள்ளே வந்தாள். புனலைப் பார்த்ததும் பை கீழே விழுந்தது. "ஐயோ நுரை! அம்மா, என்னாச்சு?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் அவர், "நான்தான்மா. முடி வெளுக்கிற மருந்தைப் போட்டுத் தேய்ச்சேன். கண்ணுக்குள்ள போயிடுச்சு" என்றார்.

"எதுக்குப்பா?"

"கறை."

மகள் கோபத்தில் என்னவோ சொல்லத் தொடங்கி அழ ஆரம்பித்தாள்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கோ" என்றாள் மனைவி. "சொட்டு மருந்து போடணும், அப்புறம் டாக்டர்கிட்ட போகணும். முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வா. பஸ்ஸுல எதையெல்லாம் தொட்டியோ."

மூவருமாகப் போனார்கள். டாக்டர் மறுபடி சாயம் விட்டாள், விளக்கை அணைத்தாள். பச்சைப் புள்ளி அங்கேயேதான் இருந்தது. ஆனால் பெரிதாகவில்லை, விளிம்பு கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. "ஆழமாப் போகல. இப்படியே விடாம மருந்து போடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கறைக்காரர் யாரும் சொல்லாமலே தண்ணீர்க் குழாயைத் திறந்து கைகழுவினார். மகள் சோப்பைக் கேட்டாள். மனைவி மருந்துக் குப்பியின் மூடியைக் கழற்றிக்கொண்டு, "யார் தலையைப் பிடிக்கிறது?" என்று கேட்டாள். அவர் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். மகள் சற்றுத் தயங்கி, நாயைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.